தறி ஓடியதும் திரும்பினாள்

வியாழன், ஆண்டிபட்டி

மகளுக்குக் காது கேட்டுவிட்டதாக இன்று இந்தத் தெருவே நம்புகிறது. நான் மட்டும் நம்பவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

சாயங்காலம் யாழினியைக் குளிப்பாட்டி, தலையில் துண்டைக் கட்டித் தரையில் உட்காரவைத்தேன். அவளுக்கு முதுகுப் பக்கம் என் வீட்டுக்காரர் விசைத்தறியை ஓடவிட்டார். உடனே திரும்பிப் பார்த்தாள்.

"ஏ புள்ள, பாத்தியா! என் மகளுக்குக் கேக்குது!" என்று கத்தினார்.

பக்கத்து வீட்டிலிருந்து மதினி, அவருடைய அக்கா, ஓடி வந்தார்.

"காது நரம்பு நூலாட்டம் இருக்கு, மிஷின் வச்சாலும் கேக்குமோ என்னமோன்னு மதுரையில டாக்டருக சொன்னாகளேக்கா, இப்பப் பாரு" என்று அக்காவிடம் சொன்னார். மிஷின் வைத்த ஆபரேஷன் அன்றுகூட அழாதவர் அழுதார். மதினி பிள்ளையின் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார்.

வெளியே மாட்டினால்தான் சத்தம் கேட்கும் அந்தக் காதுக் கருவி அப்போது என் முந்தானையில் முடிந்து இருந்தது. குளிப்பாட்டக் கழற்றியதை நான் திரும்ப மாட்டவே இல்லை. துண்டு கட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தறி ஓடினால் எங்கள் வீட்டுத் தரை அதிரும். அவள் கை தரையில் ஊன்றியிருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

தறியை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் சொல்ல அவர் போனோடு வாசலுக்குப் போனார். மதினியும் கூடவே போனார். நான் கருவியை மாட்டிவிட்டு, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை கத்தியே கூப்பிட்டேன்.

அவள் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டிருந்தாள்.