பூதத்துக்கு நாசி லெமாக்

சனிக்கிழமை இரவு, தங்கா பத்து

தூக்கம் வரவில்லை. எங்கள் கதை விளையாட்டில் இன்று பாலத்தைக் காக்கும் பூதத்தோடு பெரிய சண்டை வந்திருக்க வேண்டும். கதையைச் சொல்லி நடத்தும் கேம் மாஸ்டர் நான்; பிரபு, ஸ்டெல்லா எல்லாரும் அதில் வரும் வீரர்களாகப் பேசி ஆடுவார்கள். வாரம் முழுக்க அதைத்தான் தயார் செய்தேன். பிரபு சண்டைக்குப் பகடையை உருட்டக் கையில் எடுத்துவிட்டான். அதற்குள் ஸ்டெல்லா, கிளினிக் கவுண்டரில் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில், பூதத்தைப் பார்த்து, "அண்ணே, சாப்டீங்களா?" என்றாள்.

பூதத்துக்குக் குரல் கொடுப்பதும் நான்தான். "இன்னும் இல்லம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். கதைக்குள்ளேயே பூதத்தை உட்கார வைத்து, தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். 'பூதம் பாய்கிறது' என்று நான் சொன்னால் போதும், சண்டைதான். அண்ணே என்று கூப்பிட்டவளை எப்படி அடிப்பது?

"இப்ப என்னடா நடக்கும்?" என்றான் பிரபு.

"தெரியலடா" என்றேன். இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. ஆட்டத்தின் நடுவே கைப்பேசி பார்க்கிறவர்கள்தான்; அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை.

காரில் ஏறும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "பாவம்லா அந்த அண்ணன். அவர யாரு பாலத்துல நிக்க வச்சானோ, அவனத்தான் இனிமே தேடிப் போறோம்."

நிற்க வைத்தவன் நான்தான்.

வரட்டும்.