மெழுகுக்கும் புள்ளிகள் விழுந்தன

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடை வண்டியிலேயே.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கர்னல், என் கணவர் ரகுவிடம் கேட்டாராம், "மிசஸ் லேப்ல என்ன பண்றாங்க?" இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருட தாம்பத்தியம்! சொல்லிக் கொடுத்தேன்: செல்லின் மேல் சிடி1 என்றொரு புரதம். காசநோய்க் கிருமியின் கொழுப்பைத் தன் பள்ளத்தில் பிடித்து வெளியே காட்டும். நோயெதிர்க்கும் டி செல் அதைப் பார்த்தால் உசுப்பேறும். சோதனைத் தட்டின் குழியில் புள்ளி விழும்.

"கொழுப்பைக் கண்டா கொழுப்பெடுக்குமா?" என்றார். உதவாக்கரை.

என் ஆய்வு மாணவி வித்யாவின் கட்டுரை வெள்ளியன்று அனுப்ப வேண்டும். ஆய்வேடே அதை நம்பித்தான். உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி.

செவ்வாய்
சிக்கல். இதுவரை கொழுப்பில்லா ஒப்பீட்டுக் குழிக்கு, கொழுப்பைக் கரைக்கும் குளோரோஃபார்மை மட்டும் புட்டியிலிருந்து நேராக எடுத்து உலர்த்தினாள். இம்முறை, கொழுப்பை வைப்பதுபோலவே அதையும் குப்பியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னேன். கொழுப்பே இல்லாத குழியிலும் புள்ளிகள். நிறைய.

"கைக்கு மேடம் இப்படி?" என்றாள் வித்யா. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். பதறினால் இந்த ஊர் உருது, தக்கணி, வந்துவிடும்; 'கைக்கு' என்றால் 'ஏன்'.

புதன்
குப்பிகளைத் திறந்தோம். மூடிக்குள், குப்பி வாயைச் சுற்றி மெழுகுப் படலம், பாதி கரைந்து. குளோரோஃபார்ம் அதைத் தின்றிருக்கிறது. மெழுகு உள்ளே இறங்கியிருக்கிறது.

"கசியக் கூடாதுன்னுதான் மேடம். இங்க எல்லாரும் இப்படித்தான் சுத்துறாங்க."

உண்மை. இங்கே பிரியாணி டப்பாவுக்கும் அதே படலம்தான். நானும் சுற்றியிருக்கிறேன்.

புதிய கொழுப்பு, டெஃப்லான் மூடி. மறுபடி போட்டிருக்கிறோம்.

வாங்க: பால், கறிவேப்பிலை, ரகு மாத்திரை.

வெள்ளி
வெயில்.

ஒப்பீட்டுக் குழி சுத்தம். கொழுப்புக் குழியும் சுத்தம். ஒரு புள்ளி இல்லை.

எண்ணும் கருவியில் வைக்கப் போனேன். "நக்கோ மேடம், வேணாம். கண்ணுக்கே தெரியுது."

அவளது செல்கள் இத்தனை நாளும் பார்த்தது மெழுகை. கட்டுரை போகாது. இயக்குநரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

வித்யா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "புரோட்டீன் மேல தப்பில்ல மேடம். நாம குடுத்ததைத்தான் காட்டிச்சு."

அழவில்லை. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் டிபன் டப்பாவை எடுத்தாள். மூடியைச் சுற்றி அதே படலம், காலையில் பழக்கத்தில் சுற்றியது. உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.