லீவு போடாதவருக்குக் கமலா பெயரில் பரிசு

என் பிரியமான கமலா,

உன் பெயரில் ஒரு பரிசு வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத ஆசிரியருக்கு ஆண்டு விழாவில் வெள்ளிக் குங்குமச்சிமிழ். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பரிசு யாருக்குத் தெரியுமா? எனக்குத்தான்.

நீ போன பிறகு உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவளைத் திடீரென்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கினால் அவளுக்கு யார் சொல்லித் தருவார்கள்? குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் நான், டிரான்ஸ்ஃபரில் வந்த குடும்பம் நடு வருஷத்தில் சீட் கேட்டாலும் நான், இரண்டு டீச்சர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் நான். நம் பள்ளிக் கமிட்டியில் இருப்பவர்கள் மினிஸ்ட்ரியில் கோப்பு பார்த்தே பழகியவர்கள். ஒரு வாண்டு பெல் அடிக்குமுன் கேட்டைத் தாண்டினால் ‘விளக்கம் தேவை’ என்று எனக்குக் குறிப்பு வருகிறது. இதையெல்லாம் நீ எப்படித் தனியாகச் சமாளித்தாய்? சமாளித்தாயா என்ன?

பிரஷர் மாத்திரையை டிராயரில் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பாயே. “கமிட்டிக்குத் தெரிஞ்சா, ‘முடியலேன்னா சொல்லுங்கம்மா, வேற ஆளைப் பாத்துக்கறோம்’பாங்க. நீ வாயைத் திறக்காதே ராஜி” என்று சத்தியம் வாங்கினாய். பரீட்சை முடியட்டும், பெரிய டாக்டரிடம் போகலாம் என்றாய். பரீட்சை முடிவதற்குள் வராந்தாவிலேயே விழுந்தாய். அதே டப்பாவில் இப்போது என் மாத்திரை இருக்கிறது. காலை பிரேயரில் நிற்கும்போது தரை லேசாக ஆடுகிறது, நான் மைக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

கரோல் பாகில் பள்ளி நடத்தும் ஒரு பஞ்சாபி ஹெட்மிஸ்ட்ரஸை இன்ஸ்பெக்டர் ஆபீஸில் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அரே பெஹன்ஜி, நானும் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள்தான்” என்று இந்தியில் சொன்னார். தலைமையாசிரியர்களுக்கென்று முனிர்கா பக்கம் மூன்று வாரப் பயிற்சி நடக்கிறதாம், அவர் போன வருஷம் போனாராம். பள்ளியை எப்படி நடத்துவது, டீச்சர்களை எப்படிக் கைதூக்கி விடுவது, நம் உடம்பையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்களாம். அதைவிட, நம்மைப் போலத் திண்டாடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசலாமாம். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இப்படி ஒன்று உனக்குக் கிடைத்திருந்தால்?

இன்று ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி கூடியது. வழக்கம் உனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நம் நாற்காலி தலைவருக்கு, நமக்குக் கதவோரம் மடக்கு நாற்காலி. ஜனவரிக் குளிர் முதுகில் அறைய அங்கே உட்கார்ந்து லீவு கேட்டேன்.

“ஹெட்மிஸ்ட்ரஸே பாடம் படிக்கப் போனா பேரன்ட்ஸ் என்னம்மா நினைப்பாங்க?” என்றார் தலைவர். “அதுவும் பரிசு வாங்கப் போற நேரத்துல. கமலா டீச்சர் ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா?”

“இல்ல சார். கேக்கல. அதனாலதான் இன்னிக்கு அவ இல்ல.”

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை கமலா. எதிர்ச் சுவரில் மாலை போட்ட உன் போட்டோ. செயலாளர் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “லீவு சாங்ஷன் ஆகலை. மீறிப் போனா, நாங்க வேற ஏற்பாடு பண்ண வேண்டியிருக்கும்” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். கோபமா, பயமா, பிரஷரா, தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்த நேரத்தில் என் வேலையும் போனால்?

சாயங்காலம் உன் உமா வந்தாள். என் குரல் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, “சித்தி, ஜாவோ நா, போயிட்டு வாங்க. அம்மா மாதிரி பண்ணாதீங்க, ப்ளீஸ்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உன் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் இந்தக் கடிதத்தை நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நம் தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். கமிட்டிக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

பயிற்சி நாளைக்கு ஆரம்பம். பள்ளியில் பிரேயர் மணி அடிக்கும்போது நான் முனிர்கா பஸ்ஸில் இருப்பேன். லீவு லெட்டர் எழுதி வைத்துவிட்டேன், சிமிழ் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்னை அந்த நாற்காலிக்குத் திரும்ப விட்டால், முதல் வேலையாக அந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்து, வருகிறவர் போகிறவர் பார்க்க மேஜை மேல் வைப்பேன். விடாவிட்டால் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எதுவானாலும், இனி அது டிராயருக்குள் இருக்காது.

உன் உமாவுக்குச் சித்தியாகிப்போன,
ராஜி