கீழிருந்து அடிக்கும் வெயில்

அன்புள்ள மகன் பால்தோவுக்கு, அப்பா நார்தோ சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு ரோசால்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், அந்தப் பனிமலையில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் ஊர் திராபானி மாதா பார்த்துக்கொள்ள வேண்டும். உன் அண்ணன் கஸ்பாரே நம்மை விட்டுப் போனபின் வந்திருக்கும் முதல் குளிர்காலம் இது. உப்பளத்தில் வரப்பு கட்டும் வேலை நடக்கிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை, அவன் மண்வெட்டியை வேறொருவன் பிடித்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் சமைத்தால் அம்மா இன்னமும் அவனுக்கும் ஒரு தட்டு எடுக்கிறாள், பிறகு திருப்பி வைக்கிறாள், நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.

கஸ்பாரே தொப்பியில்லாமல் ஒருநாளும் அளத்தில் இறங்கினவன் இல்லை, கல்யாணத்துக்கும் தொப்பியோடுதான் நிற்பான் என்று நீயே கேலி செய்வாய். தாடைக்கு அடியில் அந்தக் கறுப்புப் புள்ளி வந்தபோது டாக்டரிடம் காட்டச் சொல்லி அம்மா கெஞ்சினாள், அவன், “உப்பு ஒரு முத்தம் குடுத்திருக்கு, விடும்மா, வேற யாரு எனக்குக் குடுக்கறா” என்று சிரித்துவிட்டுப் போனான். மேலேயிருந்து வந்த வெயிலைத் தொப்பி தடுத்தது, வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்து எழும்பினதைத் தடுக்க ஒன்றும் இல்லை, அந்தப் புள்ளி புற்றாகித்தான் அவனைக் கொண்டுபோனது என்று பலெர்மோ டாக்டர் பிறகு சொன்னார். என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் எல்லாரும் பிடரியில்தான் கைக்குட்டை கட்டினோம், முன்கழுத்தை மூட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நீ அனுப்பின போட்டோ வந்தது. தாடியை எடுத்துவிட்டு, ரோப்கார் பக்கத்தில் பனிமேல் நிற்கிறாய், முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. குளிர்கிற இடத்தில் வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதே, நீ நிற்பதும் ஓர் உப்பளம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் பார்க்கத் தெரியும். அண்ணாந்து சிரிக்கிறாயே, தாடைக்கு அடியில் இடதுபக்கம் ஒரு புள்ளி. போட்டோவில் ஏதோ அழுக்கு என்று அம்மா பாவாடை ஓரத்தால் துடைத்தாள், எச்சில் தொட்டும் துடைத்தாள், போகவில்லை. சுவரில் கஸ்பாரே படத்துக்குப் பக்கத்தில் மாட்ட எடுத்துப் போனவள், மாட்டாமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. வெயிலுக்குப் பூசுகிற களிம்பைத் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் பூசு, மத்தியானம் மறுபடி பூசு, கழுத்தை மூடிக்கொள். அதெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரிடம் போ, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போ, அண்ணன் மாதிரி சிரித்துக்கொண்டு இருந்துவிடாதே. அவர் என்ன சொன்னாலும் எழுதி அனுப்பாதே, ரோசால்பா வீட்டுக்குப் போன் பண்ணு, அம்மா உன் வாயால் கேட்கட்டும். அதுவரை உன் போட்டோ என் சட்டைப்பையில் இருக்கும், அந்தச் சுவரில் மாட்ட விடமாட்டேன்.

எங்கள் இரண்டு பேர் கையும் உன் தலைமேல் இருக்கிறது, மகனே. மறக்காதே, இடதுபக்கம், தாடைக்கு அடியில்.

உன் அப்பா
நார்தோ
(சிலுவைக் குறி அவர் கையால் போட்டது)