இப்போது நானும் துணைக் கோச்

ப்ரேரி ஃபோர்க், அயோவா
27 நவம்பர் 1984

அன்புள்ள வெய்ன்,

நீயும் பெக்கியும் பிள்ளைகளும் ஓரிகன் மழையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நார்மாவும் நலம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் இறக்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஆண்டுதோறும் என் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பியவள் நார்மா. இது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போடுகிறாளாம்.

மார்ச் மாதம் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு தூரத்துப் பேப்பரில் ஒரு சிறிய கல்லூரியின் கூடைப்பந்து கோச்சுக்கெல்லாம் இடம் இருக்காது என்பதால் நானே சொல்கிறேன். சொன்னவன் ராய்ஸ் கெல்லர்மன். இப்போது விளையாட்டுத் துறைக்கு அவன்தான் தலைவன். நம்மிடம் ஆடியவன்தான்; நீ இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தும் ஃப்ரீ த்ரோ போட வராதவன். என்னை உட்காரவைத்து, “கோச், போர்டுல முடிவு பண்ணிட்டாங்க. மூணு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கோம், நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்” என்று ஆரம்பித்தவன், நடுவிலேயே அழுதுவிட்டான். வேலை போனவன் நான். நான் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “சரி விடுடா, உன் வேலையை நீ செஞ்சே” என்று முதுகைத் தட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வந்தால், நான் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் என் பெயரை அழிக்க ஒருவர் பெயின்ட் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். பிரஷ்ஷைத் தோய்த்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டே, “அவசரமில்லை கோச், காரை மெதுவா எடுங்க” என்றார். நார்மாவிடம் இதைச் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பதினேழு வருடம், வெய்ன். நடுவில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் என்னைக் கூப்பிட்டது உனக்குத் தெரியும். இந்த இடத்தை விட்டுப் போவது சரியல்ல என்று போகாமல் இருந்தேன். கல்லூரி அதை நினைவில் வைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ராய்ஸின் அறையை விட்டு வரும்போதுதான் யோசித்தேன்: அப்போது போர்டில் இருந்த ஒருவர்கூட இப்போது இல்லை. நினைவில் வைத்திருக்க யாரும் மிச்சமில்லை.

என்னைப் பற்றி நீ வருந்த வேண்டாம். என் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி, அந்தச் சம்பளம் வருவதால் வீட்டில் அடுப்பு எரிகிறது. வருந்த வேண்டியது லைலைப் பற்றி. நீ ஓரிகனுக்குப் போன பிறகு துணைக் கோச்சாக உன் இடத்துக்கு வந்தவன். நான் விழுந்த அன்றே அவனும் விழுந்தான். புதிய கோச் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். அதுதான் வழக்கம், குறை சொல்ல முடியாது. லைலுக்கு மூன்று குழந்தைகள். மே மாதம் முழுக்க அவனுக்காக ஊர் ஊராகப் போன் செய்தேன். கடைசியில் மின்னசோட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இப்போது நன்றாக இருக்கிறான், குளிரைப் பற்றி மட்டும் புகார் சொல்கிறான்.

அந்த மே மாதத்தில்தான் அவனுடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். எனக்கு ஐந்தைந்து வருடமாக எழுதிக்கொடுத்தவர்கள், துணைக் கோச்சுக்கு ஜூன் முதல் ஜூன் வரைதான் எழுதியிருந்தார்கள். உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? பதினொரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், ஒவ்வொரு ஜூனிலும் உனக்கு வேலை உண்டா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. பெக்கி இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த வருடத்திலும் சொல்லவில்லை.

இனி எழுத வேண்டியது கொஞ்சம் கஷ்டம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

புதிய கோச் வந்த வாரம், சனிக்கிழமை காலை, நம் பையன்கள் ஒன்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆறரை அடிக்காரர்கள் ஒன்பது பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நார்மா பேன்கேக் சுட ஆரம்பித்துவிட்டாள். நான் தட்டு தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாரில் பூன் என்று ஒருவன், அணித் தலைவன். அவன் எழுந்து நின்று, “கோச், நாங்க எல்லாரும் பேசி முடிச்சாச்சு. நீங்க எந்தக் காலேஜுக்குப் போறீங்களோ அங்க நாங்களும் வந்துடறோம். புதுசா வந்திருக்கிற ஆளுக்காக ஒருத்தனும் ஆட மாட்டோம்” என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விசுவாசம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். பிறகு தலைகளை எண்ணினேன். மார்லன் ரிக்ஸ் இல்லை. தானிய லாரி ஓட்டுபவரின் மகன், அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். “மார்லன் எங்கேடா?” என்றேன்.

“அவனா? புது கோச் வந்த அன்னிக்கே ஓடிப்போய்க் கை குடுத்துட்டான். துரோகி” என்றான் டாரில். மற்றவர்கள் வாயில் பேன்கேக்கோடு தலையாட்டினார்கள்.

அதே வார்த்தையை, நீ வேலையை விட்டுக் கிளம்பியபோது, நான் உன்னைப் பற்றிச் சொன்னேன், வெய்ன். முடிவெட்டும் கடையில், ஆறு பேர் முன்னால். அது உன் காதுக்கு வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் உனக்கு வைத்த வழியனுப்பு விருந்துக்கு வராமல், வீட்டில் வெட்டிய புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன். நீ ஊரை விட்டுப் போகும் வழியில் எங்கள் வீட்டு முன் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாய். மிஷின் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். எனக்குக் கேட்டது.

பையன்களிடம் சொன்னேன்: “டேய், நான் எங்கேடா போறேன்? எனக்கே போக்கிடம் கிடையாது, இதுல ஒன்பது பேரை எங்க கூட்டிட்டுப் போக?” சிரித்தார்கள். பிறகு சொன்னேன்: “மார்லன் செஞ்சதுதான் சரி. அவன் அப்பா லாரி ஓட்டறது அவன் பாதியில படிப்பை விட்டுட்டு என் பின்னால அலையறதுக்கு இல்ல. திங்கக்கிழமை எல்லாரும் போய் அந்த மனுஷனுக்குக் கை குடுங்க. அவரும் பாவம், பொண்டாட்டி பிள்ளையோட புது ஊருக்கு வந்திருக்காரு. இப்போ ரெண்டு பேர் போய் மார்லனைக் கூட்டிட்டு வாங்க.”

டாரிலே போனான். அரை மணியில் மார்லனோடு வந்தான். அந்தப் பையன் வாசலிலேயே நின்று, “கோச், எம்மேல கோவமா?” என்றான். “உள்ள வாடா, ஆறிப்போகுது” என்றேன். பதினொரு பேன்கேக் சாப்பிட்டான். நார்மா பக்கத்து வீட்டில் மாவு கடன் வாங்க வேண்டியதாயிற்று.

ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி நான் அன்று சொன்னதை ஐந்து வருடத்துக்கு முன் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ போனது சரி. உனக்குச் சொந்தமாக ஒரு அணி வேண்டியிருந்தது, பெக்கிக்கு ஒவ்வொரு ஜூனிலும் பயப்படாத ஒரு வீடு வேண்டியிருந்தது. போகாமல் இருந்திருந்தால் லைலின் இடத்தில் நீ நின்றிருப்பாய். நான் பேசியது தவறு. என்னை மன்னித்துவிடு.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். எனக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் நம் கல்லூரியிலேயே. பெண்கள் அணியின் கோச் ஜொலீன் வாண்டர்ஹூஃப், முப்பத்து நான்கு வயது, ஆகஸ்டில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “எனக்குத் துணைக்கு ஆள் வேணும். நீங்க வருவீங்களா? ஆனா சொல்லிடறேன், முடிவெல்லாம் என்னோடது” என்றாள். நார்மா உள்ளே இருந்து, “இன்னிக்கே கூட்டிட்டுப் போம்மா” என்று குரல் கொடுத்தாள். நான் வீட்டில் இருந்த ஐந்து மாதத்தில் அவளுடைய சமையலறை அலமாரியை மூன்று முறை மாற்றி அடுக்கியிருந்தேன்.

ஆக, இப்போது நான் துணைக் கோச். துண்டுகளைத் துவைக்கிறேன், பந்துகளுக்குக் காற்றடிக்கிறேன், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுகிறேன். இவற்றையெல்லாம் நீ எப்போது செய்தாய் என்று நான் பார்த்ததே இல்லை. துண்டுகள் தாமாகவே வெளுத்துவிடுகின்றன என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. முதல் ஆட்டத்தில் பழக்கத்தில் எழுந்து கத்திவிட்டேன். ஜொலீன் திரும்பாமலே, “எல்டன், உக்காருங்க” என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். ஒன்பது புள்ளியில் ஜெயித்தோம். அந்தப் பெண்கள் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடும் அழகு என் பையன்களிடம் பதினேழு வருடத்தில் வரவில்லை.

போன வாரம் வேனில் வரும்போது ஜொலீன் சொன்னாள்: “எனக்கு ஒவ்வொரு வருஷத்துக்குத்தான் எழுதிக் குடுக்கறாங்க. நல்ல இடம் கிடைச்சா போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.” நான் சொன்னேன்: “தாராளமா போம்மா. சாமான் ஏத்த நானே வரேன்.” வீட்டுக்கு வந்து நார்மாவிடம் உன் முகவரியைக் கேட்டேன். எழுந்து தேடக்கூட இல்லை, மனப்பாடமாகச் சொன்னாள்.

உன் அணி இந்த வருடம் நன்றாக ஆடட்டும். ஆடாத வருடத்திலும் உன் வேலை உன்னிடமே இருக்கட்டும். பெக்கிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஜூலையில் சோளம் முற்றுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை வந்து போங்கள். வர முடியாவிட்டால் இரண்டு வரி எழுது, கோபமாக இருந்தாலும் எழுது.

உன் பக்கத்து நாற்காலியில் இப்போது உட்காருபவனின் பெயர் எனக்குத் தெரியாது. எழுதும்போது அவன் பெயரையும் எழுது.

அன்புடன்,
எல்டன்