பத்து நிமிடம் தொங்கவிடவும்

நாள் 212 – காலை 08:10
வழக்கமான பதிவு. நிலவு, நான்காம் சுரங்கக் குடியிருப்பு மருத்துவமனை, கருவி கழுவும் அறை. எழுதுவது டெக்னீஷியன் பிரிசில்லா. அறை வெப்பம் 21. இந்த அறைக்குள் எது வந்தாலும், கையுறைப் பெட்டியே ஆனாலும், அன்றே இந்த நோட்டில் எழுதிவிடுவேன். தூத்துக்குடியில் வேலை பழகிய நாளிலிருந்து இந்தப் பழக்கம்.

மேல்தட்டில் ஸ்கோப். வாய்வழியாகப் பித்தக்குழாய் வரை போய்க் கல்லெடுக்கும் கருவி. இங்கே இருப்பது இது ஒன்றுதான். இது உள்ளே போய்வந்த நான்கு பேருக்கும் ஒரே கிருமி. இருவர் இறந்துவிட்டார்கள். நான்கு குடும்பங்களும் ஸ்கோப் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கின்றன. ஸ்கோப்புக்குக் கோர்ட் முத்திரை வைத்தாயிற்று. ஒன்பது நாளில் அதிகாரி கப்பலில் வந்து எடுத்துப்போவார். அதுவரை காவல் நான்.

நாள் 213 – 14:25
பூமியிலிருந்து கம்பெனி வக்கீல்:

"ஸ்கோப்பில் குறை இல்லை. கழுவியவர் செய்முறைத் தாளைப் பின்பற்றவில்லை. அங்கே எடுக்கும் எந்தச் சோதனையையும் ஏற்கமாட்டோம். முத்திரை பிரிந்தால் வழக்கும் அதோடு முடிந்தது."

எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தேன். தாள் அங்கேதான் ஒட்டியிருக்கிறது: 'கழுவியபின் பத்து நிமிடம் செங்குத்தாகத் தொங்கவிடவும், நீர் வடிந்துவிடும்.' பத்து என்றால் எனக்குப் பத்து. ஒன்பதே முக்காலில் இறக்கினேன் என்று ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது.

நாள் 214 – 10:40
காலையில் துவைத்துத் தொங்கவிட்ட துண்டு இன்னும் சொட்டவில்லை. நுனியில் நீர் உருண்டையாக நிற்கிறது. ஏழு மாதமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றுதான் உறைத்தது.

11:15. ஸ்கோப்பின் உள்துளை அளவுக்கு ஒரு வெறும் குழாயை எடுத்து, நீர் விட்டு, பத்து நிமிடம் தொங்கவிட்டு, ஊதினேன். முகத்தில் தெறித்தது. இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. நீர் வடியவில்லை. பூமிக்கு எழுதிய தாளை அப்படியே கொண்டுவந்து நிலவில் ஒட்டிவிட்டார்கள். உள்ளே நின்ற ஈரத்தில் கிருமி பெருகியிருக்கிறது.

12:30. நாற்பது நிமிடம் காற்று செலுத்தினால்தான் காய்கிறது.

தாளைப் பார்த்தேன், குழாயைப் பார்க்கவில்லை. இறந்த இருவரில் ஒருவரான பொன்னுதுரை அண்ணனை நான்தான்… எழுத வரவில்லை.

நாள் 215 – 09:05
உள்தொடர்பில் டாக்டர் முபாரக்:

"பிரிசில்லா, சுரங்கத்துல துளைபோடுற இசக்கிராஜுக்குப் பித்தக்குழாய் அடைச்சிருச்சு. கண்ணெல்லாம் மஞ்சள், ஜன்னி வேற. சாயங்காலம் தாண்டாதும்மா. ஸ்கோப் வேணும்."

பிரித்தால் வழக்கு போச்சு. பிரிக்காவிட்டால் இசக்கிராஜ் போவான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான்.

09:30. பொன்னுதுரை அண்ணனின் மனைவி, இதே குடியிருப்பில் இருக்கும் ஞானசெல்வி அக்காவை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் விஷயத்தையும். அக்கா முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு:

"நீ ஒழுங்கா கழுவலன்னுதான் இத்தன நாளா ஒன்ன ஏசிக்கிட்டு இருந்தேன். சரி. எங்க வீட்டுக்காரரு இனிமே வரப்போறதில்ல. அந்தப் பயலாவது பொழைக்கட்டும். மத்த மூணு வீட்டுலயும் நான் பேசிக்கிடுதேன். நீ பிரி."

09:52. பிரித்தேன். கிருமிநாசினி விட்டு இரண்டு முறை கழுவினேன். காற்று, நாற்பது நிமிடம். மனசு கேட்கவில்லை, இன்னும் பத்து.

11:20. டாக்டரிடம் கொடுத்தேன். முத்திரை பிரித்ததை மட்டும் கோர்ட்டுக்குத் தெரிவித்தேன்.

நாள் 216 – 07:50
இசக்கிராஜுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டானாம். கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

16:10. கம்பெனி:

"முத்திரை பிரிந்ததைக் குறித்துக்கொண்டோம். நாள் 90 அன்று நீங்கள் கையெழுத்திட்டுப் பெற்ற திருத்திய செய்முறைத் தாளின் நகலை இணைத்துள்ளோம்."

நகலில்: 'நிலவில் நாற்பது நிமிடம் காற்று செலுத்தவும்.'

நாற்பது. அந்த எண்ணை நான் பூமிக்குச் சொல்லவே இல்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

கீழே என் கையெழுத்து. அச்சு அசலாக என்னுடையது. வேலையில் சேர்ந்த படிவத்திலிருந்து எடுத்திருப்பார்கள். நோட்டைப் புரட்டினேன். நாள் 90: 'கையுறை, இரண்டு பெட்டி. வேறொன்றும் வரவில்லை.'

நாள் 217 – 06:45
வெளித்தொடர்பு நின்றுவிட்டது. கோர்ட் கப்பலுக்கு முன்னால் கம்பெனிக் கப்பல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கழுவும் அறையின் நோட்டுகள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்லி அந்தக் கப்பலிலிருந்து உத்தரவு.

06:58. ஞானசெல்வி அக்கா வந்து கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த நோட்டைச் சேலைக்குள் வைத்துக்கொள்வாராம். வேகமாக எழுதுகிறேன்.

கிடைப்பவருக்கு: கோர்ட்டுக்குப் போவது பிறகு. முதலில் இரண்டாம் குடியிருப்புக்கும் ஆறாம் குடியிருப்புக்கும் சொல்லுங்கள். அங்கேயும் இதே ஸ்கோப்தான். சுவரில் இன்னும் பத்து நிமிடம் என்றுதான்