பியூஸைப் பிடுங்கினாலும் எழும்பும் பெட்டி

இன்று காலை மாடியில் உன் கம்ப்யூட்டரை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சூடான தூசி வாடை படிக்கட்டு வழியாக இறங்கி அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. அது உறுமிக்கொண்டு வேலை செய்யும்போது மட்டும் வருகிற வாடை. பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டுக்குள் அந்த வாடை வந்ததே இல்லை, மருமகளே. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். படிக்க முடிந்தால் படி.

ஓடவிட்டது செல்வம். உன்னோடு கூட்டுச் சேர்ந்து தொழில் செய்தவன். உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில், இலையை மடிக்கும் முன்னே என் மகனிடம், "அந்த மெஷின நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டானே, அவன்தான். உனக்குத் தெரிந்திருக்காது, நீதான் இல்லையே. எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை பாயசம் ஊற்ற அவன் இலைக்குப் போன கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கல்யாணத்தில் உன் அம்மா என்னை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. நீ வந்த புதிதில் நாம் பேசியதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். பொம்பளைப் பிள்ளை பகல் முழுக்க மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் செய்கிறாள் என்று பார்க்கத்தான் காப்பியோடு ஏறிவர ஆரம்பித்தேன். நீ வேலை பார்க்கும்போது வாய்விட்டுப் பேசுகிறவள். கீரையை ஆய்ந்துகொண்டே கதவோரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது.

நீ செய்தது ஆற்றங்கரை மோட்டார் அறைகளில் மாட்டுகிற பெட்டி. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும்போது தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதை ஓட்டுவதற்கு லினக்ஸ். அதற்குள் ஓடவேண்டிய எல்லாவற்றையும் மாடியில் இருக்கும் பெரிய மெஷினில் சமைத்து, ஒரே கட்டாகக் கட்டி, நகத்தளவு கார்டில் இறக்குவாய். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பேர். கட்டுவதற்கு முன் நீலத் திரையில் கேள்விகள் வரிசையாக வரும். எந்த வகைக் கட்டு, எவ்வளவு இடம், எப்படி அமுக்கிச் சின்னதாக்குவது, ஓடும்போது அதன்மேல் எழுத விடலாமா. வேண்டும் என்றால் அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் வைப்பாய். வேண்டாம் என்றால் அடைப்பு வெறுமனே கிடக்கும்.

முதலில் மாட்டிய பெட்டிகள் சித்திரை மழையில் ஒவ்வொன்றாகச் செத்தன. போலிக் கார்டு என்றான் செல்வம். நீ நேரில் பார்க்கப் புறப்பட்டாய். அக்கரை அம்மன் கோயிலுக்கு எனக்கும் போகவேண்டியிருந்தது, கூட வந்தேன். மோட்டார் அறையில், அதை ஓட்டுகிற சுடலை அண்ணாச்சி தன் பேரன் கல்யாணக் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாஞ்சோலை மலைப் பக்கம் வானம் கருத்தது. ஒரு இடி. அண்ணாச்சி கதையை நிறுத்தவில்லை. கை மட்டும் பலகைக்குப் போய் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டது. உன் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

"அண்ணாச்சி, என்ன செஞ்சிட்டீங்க?"

"இடிக்குதுல்லா தாயி. பிடுங்காம என்ன செய்ய?"

"மெயின் சுவிட்ச் இருக்கே."

"சுவிட்ச அணைச்சாப் போதும்னுதான் முன்ன ஒருக்கா இருந்தேன். மோட்டார் காயில் கருகிப் போச்சு. ஊரே என்னைய ஏசிச்சு. இப்பம் கட்டை என் மடியில இருந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்."

"பெட்டியில ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கி நிறுத்திட்டுப் பிடுங்கலாம்லா?"

"நான் பட்டனத் தேடி அமுக்குத வரைக்கும் இடி பொறுத்துக்கிடுமாக்கும்?"

ஆற்றோரத்து மோட்டார்காரர்கள் எல்லாருக்கும் இதே பழக்கம் என்று அவர்தான் சொன்னார். நீங்கள் இருவரும் பெட்டியைச் சோதித்ததோ நம் மாடியில், இன்வெர்ட்டர் கரண்டில். அங்கே இடிக்குப் பயந்து பியூஸைப் பிடுங்க யார் இருந்தார்கள்? பெட்டி உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் மொத்தக் கட்டும் குலைந்துபோகும், மறுபடி எழும்பாது என்று பஸ்ஸில் சொன்னாய். ஜன்னலோரம் எனக்குத் தராமல் நீயே உட்கார்ந்துகொண்டு சொன்னாய்.

மறுநாள் செல்வம் ஒரு யோசனை வைத்திருந்தான். "பியூஸைப் பிடுங்கக் கூடாதுன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். படிப்பறிவு இல்லாத ஆளுகளுக்காக நாம என்ன செய்ய முடியும்?"

வடைத் தட்டோடு நான் வாசலில் நின்றேன். அவன் சொன்னது அண்ணாச்சியை. தைத்தது எனக்கு. நீ குரலை உயர்த்தவே இல்லை. "அவரு பிடுங்கத்தான் செய்வாரு செல்வம். இடியில மோட்டார் போனா ஏச்சு வாங்குதது அவருல்லா, நாம இல்லையே. நம்ம பொட்டியத்தான் மாத்தணும்."

மாற்றினாய். எழுத விடலாமா என்ற கேள்வியில் இருந்த நட்சத்திரத்தை எடுத்தாய். மொத்தத்தையும் அமுக்கி, வாசிக்க மட்டும் முடிகிற வகைக்கு மாற்றிப் பூட்டினாய். தொட்டி அளவு எழுத மட்டும் தனியாக ஒரு சின்ன மூலை. பூட்டியதும் உள்ளே ஓடுகிற ஒவ்வொன்றும், எனக்கு எழுத இடமில்லை என்று அடம்பிடித்தது. ஒவ்வொன்றையும் பிடித்து, கரண்டு போனால் தானே அழிந்துபோகிற நினைவகத்துக்குத் திருப்பிவிட்டாய். திட்டிக்கொண்டே செய்தாய். நடுவில் என்னையும் இழுத்தாய்.

"இதுவும் ஒங்கள மாதிரிதான் அத்தை. ஒருக்கா எழுதிட்டா ஒருத்தரும் மாத்த முடியாது."

"ஏட்டி, நக்கல் பண்ணுதியா?"

"பெருமையாத்தான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் முழுக்க உன்னோடு நான் பேசவில்லை. பெருமையாகச் சொன்னதாக இருந்தாலும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாது.

புதுப் பெட்டியை மாட்டிவிட்டு அண்ணாச்சியிடம், "பிடுங்குங்க. இன்னொருக்கா பிடுங்குங்க" என்று படுத்தினாய். "இடியே இல்லாம என்னத்துக்குத் தாயி பிடுங்கச் சொல்லுதே, கை வலிக்கு" என்று அவர் அலுத்துக்கொள்ளும் வரைக்கும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு திரும்ப எரிந்தது. அதற்குப் பிறகு உன் பெட்டி எந்த இடியிலும் சாகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீதான் திரும்பி வரவில்லை.

இன்று காலை வெங்காயத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். என் மகன் ஜன்னலோரம் நின்றான். செல்வம் மெஷின் முன்னால்.

"என்னலே செய்யுதே?"

"புது ஊருகளுக்குப் பொட்டி வேணும்னு கேட்டிருக்காங்க ஆச்சி. கட்டுதேன்."

"பூட்டியா, பூட்டாமலா?"

அவன் என் மகனைப் பார்த்தான். என் மகன் ஜன்னலைப் பார்த்தான்.

"எழுத விட்டுத்தான் கட்டுதேன். ஆச்சி, நான் இப்பம் ஒத்த ஆளு. அவங்க இருந்தப்போ ரெண்டு பேரா அலைஞ்சோம். பூட்டி வச்சா ஒரு சின்ன விஷயத்த மாத்தக்கூட முழுக்கட்டையும் திரும்பக் கட்டி, ஊர் ஊராப் போயி கார்டு மாத்தணும். பூட்டலேன்னா வீட்ல இருந்தே மாத்திருவேன்."

"அவன் பாடும் பாடுதானம்மா" என்றான் என் மகன்.

பாடுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி பிடுங்குவாரா, மாட்டாரா?"

"பிடுங்குவாரு."

"அப்போ நிப்பாட்டுலே."

அவனுக்கும் கோபம் வந்தது. "நீங்க சொன்னா நிப்பாட்டணுமோ? இந்த மெஷின் இல்லேன்னா வேற மெஷின்ல கட்டிக்கிடுவேன். உங்களால தடுக்க முடியாது ஆச்சி."

"தடுக்கல. தாராளமாக் கட்டு. பொட்டி மூடியில அவ பேரு இருக்கக் கூடாது."

உன் பேரைப் போட்டுத்தான் பெட்டி விற்கிறது. பஞ்சாயத்துக்காரர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

"பேரு இல்லாம எவன் வாங்குவான்?"

"அது உன் பாடு. பூட்டாத பொட்டிக்கு என் மருமக பேரக் குடுக்க மாட்டேன். பஞ்சாயத்துப் பஞ்சாயத்தா ஏறிச் சொல்லுவேன். எனக்கு வேற என்ன சோலி இருக்கு?"

"சொல்லுவாங்க வே" என்றான் என் மகன், அவனைப் பார்த்து. அம்மாவைத் தெரிந்தவன்.

செல்வம் மெஷின் பக்கம் திரும்பினான். பிறகு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். நீலத் திரை வந்தது. அவன் வைத்த நட்சத்திரம் அடைப்புக்குள் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினான், போய்விட்டது. என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினான்.

"கார்டுல ரெண்டு கட்டு வைக்கலாம்னு அவங்க சொன்னாங்க. ஒண்ணு ஓடும்போது, ஓடாத கட்டுக்கு மேல வீட்ல இருந்தே புதுசா ஒண்ண முழுசா இறக்கிரலாம். ரெண்டும் பூட்டித்தான் இருக்கும். நான்தான் இடம் பத்தாதுன்னு சண்டை போட்டேன்."

"பத்துமா?"

"இன்னும் இறுக்கமா அமுக்கினாப் பத்தும்னு நெனைக்கேன். எழும்ப கொஞ்சம் நேரமாகும்."

"பைய எழும்பட்டும். செத்துப் போகாம இருந்தாச் சரி."

சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டினான். நடுவில் காப்பி கொடுத்தேன். சர்க்கரை அவன் கேட்கவும் இல்லை, நான் போடவும் இல்லை. ஒரு கார்டில் இரண்டு கட்டும் இடம்பிடித்துக்கொண்டதும் எழுந்தவன் படியில் நின்று கேட்டான்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் இங்கன வந்துதான் கட்டணுமா ஆச்சி?"

"ஆமா. கதவு தெறந்துதான் கெடக்கும். வரும்போது ஒனக்கொரு நாற்காலி கொண்டாந்துரு. அதுல உக்காராத."

பகல் முழுக்க அவன் உட்கார்ந்திருந்தது உன் நாற்காலியில். ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்தான். இறங்கிப் போனான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. இன்று செய்தது சரிதான், அதற்காகப் பழையது இல்லை என்று ஆகிவிடாது. அவன் போனதும் நாற்காலியைத் துடைத்து, மெஷினுக்கு நேராகப் போட்டேன். செத்தவளுக்கு எதற்கு அம்மா நாற்காலி, அதையாவது கீழே கொண்டுவந்து போடுவோம் என்கிறான் என் மகன். அவனோடும் இப்போது எனக்குப் பேச்சில்லை. நான் இருக்கிற வரைக்கும் அது அங்கேயே காலியாகக் கிடக்கும். நானும் அதில் உட்கார மாட்டேன்.